கருப்பட்டி அலமாரி

கழிவு பூஜ்யம் ஆன நாளில் நாங்கள் கேக் வெட்டினோம். வெட்டியது நான்தான். அறுபது வயதை நெருங்கும் ஒருத்தி கையில் பிளாஸ்டிக் கத்தியோடு இளித்துக்கொண்டு நிற்கும் அந்தப் புகைப்படம் இன்னும் வரவேற்பறையில் தொங்குகிறது. கழற்றலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் சண்முகவடிவு. தூத்துக்குடி ஆலையின் தலைமை விஞ்ஞானி. கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரில் பொய் கிடையாது. எங்கள் ஆலையில் என்ன செய்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நித்தியகல்யாணிச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வயதில் இளையவர்கள் என்றால் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஊதா நிறத்தில் ஐந்து இதழ். யாரும் தண்ணீர் ஊற்றாமல் கல்லறைகளுக்கு நடுவே முளைத்து, வருஷம் பூராவும் பூத்துக்கிடந்ததால் சுடுகாட்டுப் பூ என்று அதற்கு இன்னொரு பெயரும் இருந்தது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அந்த இலையிலிருந்துதான் வந்தது. ஒரு கிராம் மருந்துக்கு லாரி லாரியாக இலை வேண்டும். 2038இல் சிற்றிலை நோய் வந்து, இரண்டே மழைக்காலத்தில் உலகத்தில் ஒரு செடி மிச்சமில்லாமல் துடைத்துப் போட்டுவிட்டது.

செடி போனாலும் அதன் செல்கள் என்னிடம் இருந்தன. ஓர் இலைத்துண்டிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிப் பாட்டிலில், சர்க்கரையும் உப்பும் கலந்த கூழின் மேல் வளர்த்து, பெருக்கி, பிறகு தொட்டியில் விட்டு மருந்து எடுத்தோம். வேர் இல்லை, இலை இல்லை, பூ இல்லை, செல்கள் மட்டும். உலகத்தில் இப்படி மூன்று ஆலைகள். மூன்றுக்கும் முதல் பாட்டில் என் கையிலிருந்து போனதுதான். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இருக்கக் கூடாதா என்ன?

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாட்டிலைத் திறந்து, நன்றாக வளர்ந்த துண்டைப் பிய்த்துப் புதுக் கூழில் வைக்க வேண்டும். எந்தத் துண்டை எடுப்பது? அதற்கு நான் ஒரு விதி எழுதினேன். வெள்ளையாக, உதிரியாக, பூத்துப்போய் இருப்பதை எடு. பழுப்பாக, இறுகி, அழுகியது போல இருப்பதைத் தள்ளு. ஆலையில் வெள்ளைக்குப் புட்டு என்று பெயர், பழுப்புக்குக் கருப்பட்டி. கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பிறகு ஓர் இயந்திரக் கை வந்தது. நான் எடுப்பதையும் தள்ளுவதையும் ஒரு வருஷம் கேமராவில் பார்த்துப் பழகியது. என் கண், என் கை, என் பிடிவாதம் எல்லாம் அப்படியே அதற்கு வந்துவிட்டது. ஆய்வகப் பையன்கள் அதற்குச் சின்ன வடிவு என்று பெயர் வைத்தார்கள். மற்ற இரண்டு ஆலைகளுக்கும் அதன் நகலைத்தான் அனுப்பினோம். திட்டத் தெரியாத வடிவு என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வதும் எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக லட்சக்கணக்கான பாட்டில்களில் அது புட்டை எடுத்தது, கருப்பட்டியைத் தள்ளியது. தள்ள வேண்டியது மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து, அந்த ஜனவரியில் பூஜ்யம் ஆனது. ஒரு பாட்டிலில்கூடப் பழுப்பு இல்லை. அதற்குத்தான் கேக்.

கேக் வாயோடு எங்கள் நிர்வாக இயக்குநர் ஞானதுரை கேட்டார்: "அக்கா, தள்ள ஒண்ணுமே இல்லன்னா அந்த மாதிரி அலமாரி எதுக்கு? இடத்த அடச்சிக்கிட்டு நிக்கி."

மாதிரி அலமாரி என்பது இதுதான். சின்ன வடிவின் கேமராவுக்கு மாதம் ஒருமுறை எது நல்லது, எது கெட்டது என்று காட்டி நினைவுபடுத்த வேண்டும். படம் காட்டினால் போதாது, உயிருள்ள பாட்டில் வேண்டும். நல்லதுக்குப் பஞ்சமில்லை. கெட்டதுக்காகவே முப்பது பாட்டில்களைத் தனி அலமாரியில் வைத்திருந்தோம். இயந்திரம் அவற்றைத் தொடாது. தள்ளத்தானே அதற்குத் தெரியும். அதனால் அந்த முப்பதை மட்டும் கையாலேயே பிய்த்து வளர்க்க ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் அமலோற்பவம். நாங்கள் அமலி என்போம்.

"தூக்கிப் போடச் சொல்லுங்க" என்றேன் ஞானதுரையிடம். அமலி சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் மகள் ஜெனிட்டாவுக்கு ஒன்பது வயது. ஆறு மாதமாக அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் மருந்தைத்தான் வாரம் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த அறுவடையில் மருந்து இல்லை.

குறைவு என்று சொல்லவில்லை, இல்லை என்றுதான் சொல்கிறேன். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறையப் பால் போல வெள்ளைச் செல்கள். சோதித்தால் வின்கிரிஸ்டின் மருந்துக்குக்கூட இல்லை. கருவி பழுது என்றேன். கருவியை மாற்றினோம். தொட்டி பழுது என்றேன். தொட்டியையும் மாற்றினோம். திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்த பழைய செல்களை எழுப்பிப் பார்த்தோம். கொஞ்சம் இருந்தது, மருந்தாக்கப் போதாது. மற்ற இரண்டு ஆலைகளிலிருந்தும் அதே வாரம் கடிதம் வந்தது. அவர்களுக்கும் அதே கதை.

இதற்கு முன்னால் குறையவே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். குறைந்தது. வருஷா வருஷம் கொஞ்சம் குறைந்தது. செல்கள்தான் முன்னைவிட வேகமாகப் பெருகினவே? தொட்டியைப் பெரிதாக்கினோம், கணக்கு சரியாக வந்தது. அரிசியில் உமி கூடக் கூட மூட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போனவர்கள் நாங்கள்.

கையிருப்பு எட்டு வாரத்துக்கு இருந்தது. ஆஸ்பத்திரிகள் தவணையைத் தள்ளிப்போட ஆரம்பித்தன. நான் சோறு தின்ன நேரமில்லாமல் தொட்டி தொட்டியாக ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அமலி ஒரு படிவத்தை நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், ஒரு கையெழுத்து..."

எங்கள் ஆலையில் ஒரு சட்டம் உண்டு. பதிவேட்டில் பெயருள்ள பாட்டிலைக் கொல்வதென்றால், அதாவது அழுத்தக் கொதிகலனில் வைத்து அவிப்பதென்றால், தலைமை விஞ்ஞானியின் கையெழுத்து வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியதும் நான்தான்.

"என்னட்டி இது?"

"மாதிரி அலமாரிய அவிச்சிரச் சொன்னாவல்லா. அதுக்கு."

"ஊரே பத்தி எரியுது, இந்தக் கழிசடைக்கெல்லாம் எங்கிட்ட வராத. போ!"

போய்விட்டாள். பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். மறுபடியும் கத்தினேன். மூன்றாம் முறை கதவு வரைக்கும் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாள். அப்புறம் வரவேயில்லை.

ஏப்ரலில் ஞானதுரை என்னையும் அமலியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், முகம் வெளிறிப்போயிருந்தது.

"அமலிக்கா, ஆலையோட சொந்தச் சேமிப்புல பத்துக் குப்பி இருக்கு. ஊழியர் குடும்பத்துக்குன்னு விதியே இருக்கு. ஜெனிட்டாவுக்கு வச்சிருக்கோம். யாரும் கேள்வி கேக்க முடியாது."

அமலி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "வார்டுல இருபத்தி மூணு பிள்ளைய இருக்கே சார்?"

ஞானதுரை என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவளே, "சரி சார், வாங்கிக்கிடுதேன்" என்றாள். அதற்காக அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. ஆலையில் செய்து பார்க்க இனி எதுவும் மிச்சமில்லை என்பதுதான் நிஜம். ஜெனிட்டா ஜன்னலோரப் படுக்கையில் இருந்தாள். மொட்டைத் தலையில் மஞ்சள் தொப்பி. பக்கத்துப் படுக்கையில் காயல்பட்டினத்துப் பிள்ளை நஸ்ரின், ஐந்து வயது. அவளுக்கு இரண்டு தவணை தள்ளிப்போயிருந்தது. டாக்டர் வந்து ஜெனிட்டாவின் கையில் மருந்தை ஏற்றிவிட்டு, நஸ்ரினின் அட்டையைப் பார்த்து, "அடுத்த வாரம் பாப்போம்மா" என்றார். நஸ்ரினின் அம்மா தலையை ஆட்டினாள். அமலி முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஜெனிட்டா என்னைக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, நீங்கதான் இந்த மருந்து செய்யுதியளா?"

"ஆமா."

"இத போட்டா எனக்குக் காலு மரமரன்னு ஆவுது. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்கு."

"விஷம்லா கண்ணு. நோயக் கொல்லுத விஷம். கொஞ்சம் உனக்கும் வலிக்கத்தான் செய்யும்."

"செடி எதுக்கு விஷம் செய்யுது?"

"புழு பூச்சி திங்காம இருக்க."

அவள் யோசித்தாள். "அது வயித்துக்குள்ளயே விஷத்த வச்சிருந்தா, அதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆவும். விஷத்தச் செய்யுத செல்லுக்கும் கஷ்டந்தான். தனியா ஒரு அறை கட்டிப் பூட்டி வைக்கும். சாப்பிடுததுல பாதி அதுக்கே போயிரும். அதனால வளத்தி இருக்காது, எறுகிப்போயி, பழுத்து, பாக்கதுக்குச் சீக்கு வந்த மாதிரி..."

என் வாய் அங்கேயே நின்றுவிட்டது.

"சீக்கு வந்த மாதிரி?" என்றாள் ஜெனிட்டா.

சீக்கு வந்த மாதிரி இருந்ததை எல்லாம் நான்தானே தள்ளினேன்! விஷம் செய்த பாவத்துக்குக் கறுத்துப்போன செல்லைப் பார்த்துக் கெட்டது என்றேன். வேலை செய்யாமல் சர்க்கரையைத் தின்று கொழுத்துப் பூத்திருந்ததைப் பார்த்து நல்லது என்றேன். பதினோரு வருஷம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உழைக்கிறவனை வெளியே அனுப்பிச் சோம்பேறிக்கு மாலை போட்டிருக்கிறேன். நான் ஒருத்தி என்றால் கண் தவறி நாலு கருப்பட்டியாவது உள்ளே போயிருக்கும். சின்ன வடிவு தவறவே தவறாது. என் தப்பை என்னைவிடச் சுத்தமாகச் செய்து முடித்து, பூஜ்யம் என்று எழுதிக் காட்டியது. அதற்கு நான் கேக் வெட்டினேன்.

ஆட்டோவில் திரும்பும்போது அமலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. உப்பளச் சாலை முழுக்க அழுதேன்.

"அப்ப, கருப்பட்டி கெடச்சா மருந்து வந்துருமா மேடம்?"

"எங்கட்டி கெடைக்கும்? ஆலையில ஒரு பாட்டில்கூட இல்லையே. உறைய வச்சதும் நான் பொறுக்கின புட்டுதான். செடியும் உலகத்துலயே இல்ல. முப்பது பாட்டில் இருந்துது, அதையும் அவிக்கச் சொல்லிட்டேனே!"

அமலி, அடி விழுவதற்கு முன்னால் ஒதுங்குகிற பிள்ளை போலச் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டு சொன்னாள்:

"மேடம், ஏசாதிய. அத அவிக்கல."

"என்னது?"

"நீங்க கையெழுத்து போடலல்லா. மூணு வாட்டி வந்தேன், வெரட்டி விட்டுட்டிய. கையெழுத்து இல்லாம எப்பிடி அவிக்க? பதிவேட்டுல பேரு இருக்கே. சரி, உயிரோட இருக்கவரைக்கும் மூணு வாரத்துக்கு ஒருக்கா மாத்தித்தான ஆகணும்னு மாத்திக்கிட்டே வாறேன். அலமாரிய மட்டும் துணி போட்டு மூடி வச்சிருக்கேன், ஞானதுரை சார் கண்ணுல பட்டா சத்தம் போடுவாவன்னு."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

நீலத் துணியை இழுத்தபோது முப்பது பாட்டிலும் இருந்தன. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, அப்படி ஒரு இறுக்கம். ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. ஆரம்பத்தில் நான் தள்ளியவைகூட இவ்வளவு கறுப்பு இல்லை.

"ஏட்டி, இது எப்பிடி இவ்வளவு கறுத்துது? எதை எடுத்து மாத்துவ நீ?"

"நீங்கதான மேடம் சொன்னிய? மோசத்துலயும் மோசமானதா எடுத்து வை, அப்பத்தான் இயந்திரத்துக்குப் புரியும்னு. ஒவ்வொரு வாட்டியும் ரொம்பக் கேவலமா இருக்கதத் தேடி எடுப்பேன்."

இதை நான் சொல்லியிருந்தேன். சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆறு வருஷமாக ஆலையின் ஒரு பக்கத்தில் சின்ன வடிவு சோம்பேறிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க, மறு பக்கத்தில் அமலி ஒருத்தி உட்கார்ந்து, தெரியாமலேயே, கடும் உழைப்பாளிகளிலும் கடும் உழைப்பாளியைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனை முடிவு வந்தது. ஞானதுரை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முதல் வருஷத்தில், நாங்கள் பெருமைப்பட்ட அந்த நல்ல காலத்தில், எங்கள் செல்களில் இருந்த மருந்தைப் போல முப்பத்தெட்டு மடங்கு.

"அக்கா, புள்ளி தப்பா விழுந்திருக்கோ?" என்றார்.

"புள்ளியெல்லாம் சரிதான் வே. நாமதான் தப்பு."

அதற்குப் பிறகு வேலைதான். கருப்பட்டி மெதுவாக வளரும், அவசரப்படுத்தினால் வெளுக்கும். முப்பது பாட்டில் முந்நூறு ஆகி, சின்னத் தொட்டிக்குப் போக ஒன்பது வாரம் ஆனது. மற்ற இரண்டு ஆலைகளுக்கும் பத்துப் பத்துப் பாட்டில் அனுப்பினோம். அந்த ஒன்பது வாரத்தை எப்படிக் கடந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். முடிவு வந்த அன்றைக்கே அமலி ஞானதுரையிடம் போய், ஜெனிட்டாவின் பெயரில் மிச்சமிருந்த ஒன்பது குப்பிகளையும் வார்டுக்கே கொடுத்துவிடச் சொன்னாள். டாக்டர்கள் யாருக்கு அவசரமோ அவர்களுக்குப் போடட்டும் என்றாள். முதல் குப்பி நஸ்ரினுக்குப் போனது. நம்பிக்கை வந்த பிறகுதான் கொடுக்கக் கை நீண்டது என்று அவளே என்னிடம் சொல்லி வெட்கப்பட்டாள். எனக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. அந்த ஒன்பது வாரத்தில் ஜெனிட்டாவுக்கும் நான்கு தவணை தள்ளிப்போனது. ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்கும் அமலி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் நானும். நோய் திரும்பவில்லை. நஸ்ரினுக்கும் திரும்பவில்லை. தாங்காமல் போன ஒரு பையன் இருந்தான். விளாத்திகுளத்துக்காரன், பெயர் மாடசாமி, பதினொரு வயது. அவன் பெயரை நான் மறக்க மாட்டேன். வரவேற்பறைப் புகைப்படத்தைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் அவன்தான். ஒவ்வொரு நாளும் உள்ளே நுழையும்போது நான் அதைப் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு மருந்து தாராளமாக இருக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் எடுத்ததை இப்போது முப்பது லிட்டரில் எடுக்கிறோம். ஜெனிட்டா பள்ளிக்கூடம் போகிறாள், முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. சின்ன வடிவை அழித்து எழுதினோம். இந்த முறை அது அமலியின் கையைப் பார்த்துப் பழகியது; எடுப்பது கருப்பட்டி, தள்ளுவது புட்டு. பையன்கள் அதன் பெயரையும் சின்ன அமலி என்று மாற்றிவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

இயந்திரத்துக்குக் கெட்டது எது என்று மாதாமாதம் காட்ட வேண்டுமே? அதற்கு முப்பது பாட்டில் புட்டு இப்போது அந்தப் பழைய அலமாரியில் இருக்கிறது. அதை யார் பார்த்துக்கொள்வது என்று கேள்வி வந்தபோது, "நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். ஞானதுரை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கருப்பட்டிதான் நல்லது என்று இன்றைக்கு அடித்துச் சொல்கிறேன். அன்றைக்குப் புட்டையும் இதே குரலில்தான் சொன்னேன். நாளைக்கு அந்த வெள்ளைக்குள் என்ன தேவை ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மதியம் முகமூடி கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இருப்பதிலேயே வெள்ளை வெளேரென்று இருப்பதாகத் தேடி, பிய்த்து, மாற்றி வைக்கிறேன். என் கை இன்னும் நடுங்கவில்லை.

கூடவே ஒரு சட்டத்தையும் மாற்றினேன். பதிவேட்டில் பெயருள்ள பாட்டிலைக் கொல்ல இனி என் கையெழுத்து செல்லாது, அமலியின் கையெழுத்து வேண்டும்.

"நான் படிவத்த நீட்டுனேன்னா திட்டி வெரட்டி விடு" என்றேன் அவளிடம்.

"அய்யோ மேடம், எனக்குத் திட்டல்லாம் வராது."

"வரும். பழகுனா வரும்."

போன மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. புட்டு அலமாரியை அவிக்க வேண்டும், இடம் போதவில்லை என்று படிவம் எழுதி எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன். அமலி பாட்டில் திறந்திருந்த நேரம். தலையை நிமிர்த்தவேயில்லை.

"ஒரு கையெழுத்து, அமலி."

"இந்தக் கழிசடைக்கெல்லாம் எங்கிட்ட வராதிய" என்றாள். "போங்க மேடம்."

குரல் கொஞ்சம் நடுங்கியது. பரவாயில்லை, முதல் தடவைதானே. நான் படிவத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு என் அலமாரிக்குத் திரும்பினேன்.